பெட்டி ஒருத்தர்கிட்ட, சாவி ஒருத்தர்கிட்ட

போதும்… போதும்பா! செயலாளர் கட்சி அந்தப் பக்கம் உக்காரு, பொருளாளர் கட்சி இந்தப் பக்கம் உக்காரு. கோயில் கதவுல ஆளுக்கொரு பூட்டு மாட்டிட்டு வெயில்ல நின்னு கத்துறீங்களே, தொண்ட காயலியா? ஒரு குட்டிக் கத வெச்சிருக்கேன். அத கேட்டுட்டு அப்பறம் மிச்சத்த கத்துங்க.

நான் பள்ளிக்கூடம் பாக்காதவன். எங்க அப்பா சொல்லி கேட்டது. இதே கோயில்தான். ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தி நாலு. தாது வருசப் பஞ்சம் போயி ஏழெட்டு வருசம். அப்ப இந்த மணிக்கூண்டு கெடையாது. ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அத தட்டுனா ஆராதன ஆரம்பம். அந்த தண்டவாளம் எப்பிடி வந்துச்சுன்னா… சரி, அது வேற கத. வுடு.

நம்மளுது பிரஸ்பிட்டேரியன் சபை. ஸ்காட்லாந்து தேசத்து பாதிரி, ஐயருன்னுதான் கூப்பிடுவாங்க, செங்கல்பட்டுலேர்ந்து மாட்டு வண்டில வருவாரு. வருசத்துக்கு ரெண்டே தரம்தான் கர்த்தருடைய பந்தி. அந்தப் பந்தில சும்மா போயி உக்கார முடியாது. மொத நாளு சனிக்கெழம மூப்பருங்க, சபைப் பெரியவங்க, விசாரிச்சு, ஒழுங்கா நடந்தவங்களுக்கு ஈயத்துல ஒரு வில்ல குடுப்பாங்க. ரேஷன் கட டோக்கன் மாதிரி வெச்சிக்கோ. வில்ல இருந்தா அப்பமும் திராட்ச ரசமும். இல்லேன்னா… பின்னால உக்காந்து பாத்துக்கினு இரு.

மூப்பருங்க ரெண்டு பேரு. எலியேசர் மூப்பர்கிட்ட வில்லப் பெட்டி. மாசிலாமணி மூப்பர்கிட்ட சாவி. ஒருத்தர் இல்லாம ஒருத்தர் தொறக்கக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல செஞ்ச ஏற்பாடு. நல்ல எண்ணம்!

அந்த ரெண்டு பேருக்கும் மூணு வருசமா பேச்சு இல்ல. எதுக்கு? நெலமா? பொண்ணு குடுத்த வெவகாரமா? இல்ல சாமி… ஜெபம் பண்ணும்போது நிக்கணுமா, முழங்கால் போடணுமா! எலியேசர், "ஐயர் தேசத்துல நின்னுதான் ஜெபம்" ங்கிறாரு. மாசிலாமணி, "ஆண்டவர் முன்னால முட்டி போடாதவன் மனுசனா?" ங்கிறாரு. ஐயர் ஜெபத்துக்கு நடுவுல கண்ண தொறந்தா, பாதி சபை நிக்குது, பாதி சபை கீழ கெடக்குது. பாதி அறுத்த கழனி மாதிரி!

இப்ப தீனாள்னு ஒரு பொம்பள. இந்தக் கோயில் கட்டுனப்போ சுண்ணாம்பு சொமந்தவ. அவ புருசன் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுல, நேட்டால் கரும்புத் தோட்டத்துல கூலி வேலைக்கு ரெண்டு பேருக்குமா கைநாட்டு வெச்சிட்டான். ஞாயித்துக்கெழம மத்தியானம் கூலிக்கு ஆள் புடிக்கிறவன் வண்டி வருது, பட்டணம் போயி கப்பல் ஏறணும். அவ ஆச இன்னா? "எங்க அம்மா அப்பாவ பொதைச்ச மண்ணு இது. போறதுக்கு முன்னால இங்க ஒரே ஒரு தரம் பந்தில உக்காந்துட்டு போறேன்." அவ்ளோதான்.

சனிக்கெழம காத்தால எலியேசர் வூட்டுக்கு போறா. "மூப்பரே, எனக்கு வில்ல வேணும்."

"உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. பெட்டி இதோ. சாவி அவன்கிட்ட இருக்குது, இங்க வரச் சொல்லு."

ஏரிக்கரைய தாண்டி மாசிலாமணி வூட்டுக்கு போறா. "சாவி ரெடி தாயி. பெட்டிய எடுத்துக்கினு அந்த ஆள வரச் சொல்லு. நிக்கத் தெரிஞ்சவனுக்கு நடக்கத் தெரியாதா?"

எலியேசர்கிட்டயே திரும்பி வரா. "முட்டி போடுறவனுக்கு என் வாசப்படி ஏற முட்டி வலிக்குதாமா?"

"அப்ப பெட்டிய என் தலைல வைங்க, நான் சொமக்குறேன்."

"ஐயோ, மூப்பர் கைய வுட்டு பெட்டி போவக் கூடாது!"

எத்தினி தரம் நடந்தா? ஏழு தரம்… ஏழு தரம்பா! பொழுது சாஞ்சிடுச்சு. அன்னிக்கு ஊருல ஒருத்தருக்கும் வில்ல இல்ல.

ஞாயித்துக்கெழம. மேசைல வெள்ளத் துணி, அப்பம், ரசம். நூத்தி இருவது பேரு இருக்காங்க. பந்தில? ஒரு ஆள் இல்ல. ஐயருக்கு வெவரம் தெரிஞ்சு மொகம் செவந்து போச்சு. "தீனாள், நீ வா" ன்னாரு.

அவ எழுந்து ரெண்டு அடி வெச்சா… அப்போ மூப்பருங்க ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்தாங்க. ஒரே கொரல்ல, "வில்ல இல்லாம கூடாது ஐயரே!"

மூணு வருசத்துல அவங்க ஒத்துப்போன ஒரே வெசயம் அதுதான்!

"அவகிட்ட குத்தம் உண்டா?"

"இல்ல."

"அப்பறம்?"

"வில்ல இல்லியே."

ஐயரும் கைய கீழ வெச்சிட்டாரு. அவரு மேலயும் எனக்கு கோவம்தான்… அந்த அப்பத்த புட்டு குடுத்தா யாரு கைய வெட்டுவாங்க? வெளிய வண்டிக்காரன் கத்துறான். தீனாள் அழுவல. மூப்பருங்களப் பாத்து, "சண்ட முடிஞ்சதும் எனக்கு காயிதம் போடுங்க" ன்னுட்டு ஏறிட்டா.

அப்பறம்தான் ரெண்டு பேருக்கும் ஒறைச்சது. பெட்டிய தொறந்து, ஒரு வில்லய எடுத்துக்கினு, ஒரே வண்டில ரெண்டு பேரும் பட்டணத்துக்கு ஓடுனாங்க. கப்பல் போயிடுச்சு.

அந்த வில்ல இன்னும் பெட்டில தனியா துணில சுத்தி கெடக்குது. பெட்டி எங்க? உள்ள. உங்க ரெண்டு பூட்டுக்கும் பின்னால!

கத ஏன் சொன்னேன்? அந்த மரத்தடில பாருங்க. நம்ம ஜெபசீலன், கைல கொழந்த. ஞானஸ்நானத்துக்குன்னு குவைத்துலேர்ந்து லீவு போட்டு வந்தான், செவ்வாக்கெழம ஏறணும். அவன் மேல குத்தம் உண்டா? செயலாளர் அண்ணே, நீங்க சொல்லுங்க… இல்ல. பொருளாளர் அண்ணே… இல்ல. கொழந்த மேல? அதுவும் இல்ல. அப்பறம் இன்னா? நீங்க பூட்டுறது யாருன்னு பாக்குறீங்க. வெளிய நிக்கிறது யாருன்னு பாக்கல. எலியேசரு மாசிலாமணின்னு சிரிச்சீங்களே… யாரப் பாத்து சிரிச்சீங்க?

எனக்கு வேற ஒண்ணும் பேச வேணாம். ரெண்டு சாவியும் எடுங்க. கொழந்த தூங்கிடப் போவுது.