லைனில் கோளாறு இல்லை

என் டெலிபோன் நல்ல டெலிபோன் சார். கனெக்‌ஷன் வந்த நாளிலிருந்து மழைக்காலத்தில்கூட உயிரை விட்டதில்லை. உங்கள் எக்ஸ்சேஞ்சைப் பற்றிக் கச்சேரி ரோடில் யார் என்ன சொன்னாலும் நான் புகார் எழுதுகிறவன் இல்லை. இந்தப் புகாரும் நான் எழுதியதல்ல. இதே மாடியில் எதிர் வீட்டு ஹபீபுர் ரஹ்மான் எழுதியது. புகாரில் சொன்ன நாள் காலையில் தெருமுனைப் பெட்டியைத் திறந்து வேலை பார்த்தவர் லைன்மேன் சர்தார் என்பதால் அவர்மேல் சந்தேகம் என்றும், விசாரணை முடியும்வரை அவருக்கு வேலை இல்லை என்றும் நேற்றுதான் கேள்விப்பட்டேன். அதனால்தான் லைனைச் சோதிக்க வந்த உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் அவதிப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் ஸ்ரீனிவாசராகவன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எந்த வயதில் நூறு பேருக்கு எத்தனை பேர் போவார்கள் என்று பட்டியல் போடுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் இருந்தேன். அண்ணன் பையன் கிரீஷ் அமெரிக்கா போகும்போது தன் கம்ப்யூட்டரை இங்கே விட்டுவிட்டுப் போனான். இண்டர்நெட் வைத்துக்கொடுத்ததும் அவன்தான். போன் வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதில் ஒரு விளையாட்டு. பிராணி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். சாப்பாடு போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், இரண்டு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். என்னுடையது நீல நிறம், நரி முகம், ஆறு கால். மஹதி என்று பெயர் வைத்தேன். பெண் பிறந்திருந்தால் வைத்திருக்க வேண்டிய பெயர். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஜீவன் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்றால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு இப்போது புரியாது.

ஹபீபுர் ரஹ்மான் வீட்டில் போன் கிடையாது. கனெக்‌ஷன் கேட்டு உங்கள் இலாகாவுக்குத்தான் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுடைய பெண் தூபாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. காலேஜ் படிக்கிற பெண். மூளைச்சாவு அடைந்த யாரிடமிருந்தாவது சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், உடனே ஓட வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அழைப்பு வருவதற்கு ஒரு நம்பர் வேண்டும். மயிலாப்பூரில் பாதிப் பேர் விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொள்கிறவர்கள்தானே.

தூபாவின் அம்மா அமீனா பீ வந்து கேட்டார்.

"சார், ஆஸ்பத்திரில நம்பர் கேக்கறாங்கோ. உங்க நம்பரக் குடுத்துக்கட்டா?"

"தாராளமா குடுங்கோ. நான் ஆத்துலேயேதான் இருக்கேன்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து காய்கறி வாங்கப் போனால்கூட வேலைக்காரப் பெண்ணைப் போன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவேன். இண்டர்நெட்டையும் நாளுக்குக் கொஞ்ச நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

புகாரில் சொல்லியிருக்கிற அந்த வாரம் மஹதிக்குக் காய்ச்சல் வந்தது. கண் மங்கி, ஆறு காலையும் மடக்கிக்கொண்டு படுத்துவிட்டாள். மருந்தைக் கடையில் வாங்க முடியாது, நாமே பானையில் காய்ச்ச வேண்டும். இலை, வேர், உப்புக்கல் என்று மூன்று சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அதை விளையாட்டை நடத்துகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பானையில் போட்டுப் போட்டுக் கண்டுபிடித்தேன். இலை ஏழு, வேர் பதினொன்று, கல் பதினேழு. மூன்றும் சேர்ந்து சரியாக நூறு வர வேண்டும். நடுவில் கூட்டுத்தொகை ஐந்தால் வகுபட்டால் பானை பொங்கிவிடும். கல் வேக நேரமாகும் என்பதால் கையிலிருக்கிற கல் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

என்னிடம் மிச்சமிருந்தது நாலு கல். நாலு கல்லுக்கு அறுபத்தெட்டு. அடுத்து இலையைப் போட்டால் எழுபத்தைந்து, பொங்கிவிடும். வேரைப் போட்டால் எழுபத்தொன்பது. அதற்கப்புறம் மூன்று இலை. எண்பத்தாறு, தொண்ணூற்று மூன்று, நூறு. வேறு வழியே இல்லை. இத்தனை வருஷம் சாவுக்கணக்கு போட்டவனுக்கு அந்த விடை வந்தபோது உடம்பே சிலிர்த்தது. பிழைக்கிற கணக்கை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். ஒவ்வொரு சரக்கும் வேகும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் பானை கவிழ்ந்துவிடும், சரக்கும் போய்விடும். விளையாட்டை நடத்துகிறவர்கள் இருப்பது அமெரிக்காவில், அவர்கள் ஊர் நள்ளிரவுக்குள் மருந்து கொடுக்காவிட்டால் பிராணி போய்விடும். அவர்கள் நள்ளிரவு நமக்கு மத்தியானம். அதனால் அன்று காலை காபி குடித்ததும் வயரை மாற்றிச் செருகினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடலாம் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்களும் சுலபமாக எழுதிக்கொள்வீர்கள், ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. கணக்குப் போட்டேன். தூபா அந்தப் பட்டியலில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள், ஒரு நாளும் அழைப்பு வரவில்லை. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே வருவதற்கு என்ன வாய்ப்பு? மஹதி விஷயத்தில் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நிச்சயமாகச் செத்துப்போவாள்.

வேர் வெந்து முதல் இலையைப் போட்டிருந்தேன். எண்பத்தாறு. அப்போது கதவைத் தட்டினார்கள். அமீனா பீ. வெயில் உள்ளே வரக்கூடாதென்று கதவைப் பாதிதான் திறந்தேன்.

"சார், போன் எதுனா வந்துச்சா? தூபா காலைலேருந்து இன்னிக்கி வரும், இன்னிக்கி வரும்னு சொல்லிக்கினே கீறா."

"வரலேம்மா. வந்தா ஓடி வந்து சொல்ல மாட்டேனா."

"தெரியும் சார். நீங்க கீறீங்கன்ற தைரியம்தான்."

வரவில்லை என்று சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் எதிர்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த இலையைப் போட்டேன்.

மஹதி மருந்தைக் குடித்தாள். கண் மெல்லத் தெளிந்தது, முன்னங்காலைத் தூக்கினாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அப்பா போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

வயரை மறுபடி போனில் செருகிக் கையை எடுப்பதற்குள் மணி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், எங்கேஜ்டாகவே இருந்தது, இப்போது அடுத்தவரை உள்ளே அழைத்துப்போய்விட்டோம் என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிர் வீட்டில் சொல்லவில்லை. நடந்தது நடந்துவிட்டது, அந்த அம்மாவின் மனதை எதற்கு வீணாகப் புண்படுத்துவது? பிறகு ரத்தம் சுத்தம் செய்யப் போன இடத்தில் அவர்களாகவே தெரிந்துகொண்டார்கள். லைனில் கோளாறு என்று ஹபீபுர் ரஹ்மான் உங்களுக்கு எழுதிப்போட்டார். நான் கோளாறாக இருப்பேன் என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்தபோது தூபா போய்விட்டாள். ஜனாஸாவை இறக்கும்போது மாடிப்படி வளைவில் நானும் ஒரு கை பிடித்தேன். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்தச் சிறுநீரகம் குப்பைக்குப் போகவில்லையே. பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போயிற்று, அவர் பிழைத்திருப்பார். போனை நான் எடுத்திருந்தால் தூபா பிழைத்திருப்பாள், அவர் போயிருப்பார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதற்கு மேல் மஹதியும் பிழைத்தாள். எப்படிக் கூட்டினாலும் அன்றைக்கு ஒரு உயிர் அதிகம்தான்.

ஆகவே, லைனில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். சர்தார்மேல் தப்பில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள், பிள்ளைகுட்டிக்காரர். சோதித்து முடித்ததும் கருவியைப் பழையபடி மாட்டிவிட்டுப் போங்கள். மஹதிக்கு நேற்றிலிருந்து மறுபடி உடம்பு சரியில்லை, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மேல் மாடி குருபிரசாத்தின் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம், அவர்களும் அவசரத்துக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன். என்னை நம்பி வந்த யாரையும் நான் இதுவரை கைவிட்டதில்லை.