இருபத்திநாலு இன்ச் பிரேம்

வாலாஜாபாத்திலிருந்து வந்த பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெரியவர் திடீரென்று, "என் மருமவனைக் கொன்னது நான்தான்பா" என்றார்.

"லாரிதானே மோதுச்சு?" என்றார் பக்கத்தில் இருந்த அவர் ஊர்க்காரர்.

"கல்யாணத்துக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். அவரு குள்ளம். இருபத்திரெண்டு இன்ச் பிரேம்தான் சரிப்படும்னு கடைக்காரர் சொன்னாரு. பெருசுதான் மதிப்புன்னு நான் இருபத்திநாலு எடுத்தேன். சீட்டுல குந்தினா காலு தரைக்கு எட்டாது. பாலத்துல லாரி வந்துக்கினு இருக்குது. பிரேக் புடிச்சு கால ஊனப் பாத்தாரு. எட்டல, அப்படியே சாஞ்சுட்டாரு."

"அவராவது முன்னாடியே மாத்திக்கினு இருக்கலாமேபா?"

"கடைக்காரர் மாத்தித் தரேன்னாராம். 'மாமா ஆசையா வாங்கினது, மனசு நோவும்'னு இவருதான் வேணாம்னுட்டாராம். நேத்துதான் பொண்ணு சொல்லுது."

காஞ்சிபுரம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்தான் அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார்.