காணாமப் போன நீராவி

— அப்ப நான் பாய்லரை ஓட்டாம தூங்குறேன்னு சொல்ற.

— அப்படிச் சொல்லலைங்க. நீங்க அனுப்பின நீராவி போய்ச் சேரலன்னுதான் சொன்னேன்.

— அதை நம்ம மேனேஜர் பெரியவர் முன்னாடி சொன்னியே. கட்டின பொண்டாட்டியே காலை வாரிட்டான்னு குவார்ட்டர்ஸே சிரிக்குது.

— நீங்க மட்டும் என்னவாம்? என் கம்ப்யூட்டர் மாடலைச் சின்னப் பிள்ளை கலர் அடிச்ச படம்னீங்க.

— செவப்பும் நீலமுமா கட்டம் கட்டமா இருந்தா வேற எப்படிச் சொல்றதாம்?

— இன்னிக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லையே, பத்து மணிக்கு மீட்டிங்ல சொல்லப்போறதை ஒருதடவை உங்ககிட்ட சொல்லிப் பார்க்கிறேன், வாயை மூடிக் கேளுங்க. ஒவ்வொரு கட்டமும் பூமிக்கடியில ஒரு துண்டு. கீழ இருக்கிற எண்ணெய் தார் மாதிரி கெட்டி. நீராவி பட்டா இளகி கிணத்துப் பக்கம் வரணும். எந்தத் துண்டு எப்ப சூடாகும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. அதுப்படி வடக்குக் கிணறு இந்நேரம் கொதிக்கணும்.

— எங்க கொதிக்குது? கையை விட்டா விறைக்குது.

— அதான் பெரியவர் சொல்லிட்டாரே. மாடல் தப்பா, பாய்லர் தப்பான்னு இன்னிக்கே தெரியணும், தப்பு பண்ணினவங்க மூட்டையைக் கட்டணும்னு.

— நம்ம வீட்ல யார் கட்டினாலும் மூட்டை ஒண்ணுதானே, கணக்கம்மா.

— சிரிக்காதீங்க.

— சரி, நீராவி மேல ஏறிப் போயிருந்தா?

— போகாது. மேல இருக்கிற பாறை சட்டிக்கு மூடி மாதிரி. விரிசலே இல்லன்னுதான் மாடல்ல போட்டிருக்கேன்.

— பாறை வந்து சத்தியம் பண்ணிக் குடுத்துச்சாக்கும்.

— உங்க பாய்லர் குடுத்துச்சா?

— மீட்டரை என் கண்ணால பார்க்கிறேன்டி. ஒரு சொட்டு குறையாம அனுப்பியிருக்கேன்.

— சரி விடுங்க. ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தது போதும். வாய்தான் பேசல, உங்க மனசு எனக்குத் தெரியாதா?

— என்ன தெரிஞ்சுது?

— விடியுமுன்ன ஷிப்டுக்குக் கிளம்புறவரு, தினம் எனக்கு வெந்நீர் போட்டு வச்சுட்டுத்தானே போனீங்க. அதுலதான் என் கோவமே இறங்குச்சு.

— நான் எங்க போட்டேன்? சாயங்காலம் வந்து குழாயைத் திறந்தா சூடா கொட்டுது. இவ்வளவு கோவத்துலயும் இவ நமக்கு ஹீட்டர் போட்டு வச்சிருக்காளேன்னு நான் உருகிப் போயிட்டேன்.

— நான் அதைத் தொடவே இல்லைங்க. சண்டை போட்ட அன்னிக்கே அது புகைஞ்சு போச்சு. நீங்க ரிப்பேர் பண்ணிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்.

— புகைஞ்சதே எனக்குத் தெரியாதே. நீ பேசினாத்தானே தெரியும்?

— இருங்க இருங்க. குளியலறைக் குழாய்க்குத் தண்ணி எங்கேருந்து வருது?

— பின்பக்கத்து போர்லேருந்து. வேலிக்கு அந்தப் பக்கம் நாங்க நீராவி விடுற கிணறு, இந்தப் பக்கம் அது. ஏன்?

— நகருங்க, அந்தக் குழாயைத் திறந்து பார்க்கிறேன்.

— பேசிட்டிருக்கும்போதே எங்க ஓடுற? மறுபடி கோவமா?

— உங்க பாய்லர் பொய் சொல்லலைங்க. உடனே ஃபோன் போட்டு அதை நிறுத்தச் சொல்லுங்க. காணாமப் போன நீராவியிலதான் நாம ஒரு வாரமா குளிச்சிட்டிருக்கோம்.