நவாபின் விளக்கு

விளக்கைப் பாதுகாப்பாகப் பொருத்துவதில் என் கணவரைக் குறைசொல்ல முடியாது, டாக்டர். சனத்நகர்த் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வுபெறும்வரை மின்பிரிவைப் பார்த்தவர். அவருடைய மறதிக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒன்று தெரியாததாகப் பதிவாவது எனக்குப் பிடிக்காது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

பேரன் ஜெயந்த் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது, தான் வளர்த்த ஓணானை எங்கள் கூடத்தில் விட்டுச் சென்றான். முள்தாடி வைத்த அயல்நாட்டுப் பிராணி. இவர் அதற்கு நவாப் என்று பெயர் வைத்தார். கண்ணாடிக் கூண்டின் வலைமூடிக்கு மேலே, பீங்கான் ஹோல்டரில் விளக்கை மாட்டி, கிளிப் நழுவினாலும் விழாதபடி சங்கிலியால் கட்டினார். அருகிலிருந்த திரைச்சீலையை அகற்றினார். வெயில் காய ஒருபுறம் கல், மறுமூலையில் நிழல். உள்ளே ஒரு சென்சார். சூடு ஏறினால் விளக்கு தானே அணைந்துவிடும். எனக்காக இந்த வீட்டில் எவரும் இத்தனை யோசித்து எதையும் செய்ததில்லை.

ஒழுங்கான குடும்பத்தில் கரப்பான்பூச்சியைக் கொல்வார்கள். இவர் அதன் தீனிக்காக டப்பாவில் வளர்த்தார். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்தவரின் தமிழ், ஊர் உருது கலந்து எப்போதும் நொண்டும். ஓணானிடம் பேசும்போது படுத்தேவிடும்.

"நக்கோ நவாப், வேணாம், எறங்கு பேட்டா, போதும் வெயிலு."

அது கண்ணை மூடிக்கொள்ளும். இவர் பூரித்துப்போவார்.

ஒருநாள் சென்சார் கம்பி கோணலாகத் தொங்கியது. நேராக்கப் போனேன்.

"கைக்கு கல்பகம், எதுக்கு? இத மட்டும் தொடாத. நீ சரிபண்ணா எதுவும் உயிரோட இருக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்து வீட்டு நஸ்ரின் அங்கே இருந்தாள்.

"ஹவ், ஆமா அங்கிள், ஆன்ட்டியப் பாத்தா எறும்புகூட லைன்ல போகும்" என்றாள்.

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

மே மாதம். காலைதோறும் அவர் சென்சாரை வெளியே எடுத்துவைத்து, கூண்டைத் துடைத்து, மறுபடி பொருத்துவார். அன்றும் பொருத்தினார், நான் பார்த்தேன். அவர் போவன்பள்ளிக்குக் காய்கறி வாங்கப் போனதும், அதை எடுத்துக் கூலரின் எதிரே தரையில் வைத்தேன். குளிர்காற்றில் கிடக்கும் சென்சாருக்குக் கூண்டின் சூடு தெரியாது. விளக்கு அணையவில்லை. எதிரே அமர்ந்து பூண்டு உரித்தேன். நவாப் கல்லைவிட்டு இறங்கியது. நிழலுக்குப் போனது. பிறகு கண்ணாடியைச் சுரண்டியது. பூண்டு முடிவதற்குள் அதுவும் நின்றது.

அவர் வந்து பார்த்தார். அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"நான் திருப்பி வெச்சேன்ல, கல்பகம்? வெச்சேன்ல?"

"நீங்க வைக்கல."

பொய் என்று நான் சொன்னது அது ஒன்றுதான்.

அதன்பின் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்த்தார். ஸ்கூட்டர் சாவியை அவராகவே என்னிடம் கொடுத்தார். பிறகு பீரோ சாவியை. சற்றுத் தெளிவாகத் தெரிந்த நாட்களில் அவருடைய மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றி வைத்தேன். அதற்குமேல் தேவைப்படவில்லை.

பரிசோதனையில் மூளையில் குறை எதுவும் இல்லை என்றீர்கள். இல்லைதான். அதை அவரிடம் சொல்ல வேண்டாம். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். வெளியே அமர்ந்திருக்கிறார். நான் கூப்பிடாமல் எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் குடித்தாயிற்றா என்பதைக்கூட என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். எங்கள் மணவாழ்வில் அவர் என்னை இவ்வளவு நம்பியதே இல்லை.