கைகளின் குரலுக்கு ஒரு தனி வரிசை

இந்த வெள்ளிவிழா மேடையின் நடுவே தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மாண்புமிகு மேயர் அம்மையார் அவர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக எங்கள் சான் எலோய் தீவின் காய்ச்சலையும் கண்ணீரையும் தாங்கி நிற்கும் மருத்துவமனையின் தலைமை டாக்டர் மெர்லிண்டா அவர்களே! காலைத் திருப்பலியை முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு என் பேச்சுக்குக் காத்திருக்கும் பாதிரியார் அவர்களே! என்னைப் படிக்கவைத்த ஆசிரியப் பெருமக்களே! கருவாடு புரட்டிய கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! இந்தக் கூடைப்பந்துத் திடலில் இன்று ஒரு நாள் பந்தைக் கீழே வைத்த அண்ணன்மார்களே! பத்தாம் வகுப்பு மாணவி ஜுவிலினின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

மேடை எனக்குப் புதிது. நா பிறழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மருந்தைப் பற்றிப் பேசு என்றார்கள். மருத்துவரைப் பற்றிப் பேசு என்றார்கள். நான் பேச வந்ததோ ஒரு பெட்டியைப் பற்றி. சிரிக்கிறீர்கள். மருத்துவமனைப் படிக்கட்டுக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்குகள் மினுமினுக்க ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கு சுவிட்ச் என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. இந்த மருத்துவமனையும் நகர மன்றமும் வெளியுலகத்தோடு பேசும் பேச்சு முழுவதும் அதன் வழியாகத்தான் கடல் தாண்டுகிறது.

எப்படித் தாண்டுகிறது? நாம் அனுப்பும் குரலும் கடிதமும் படமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு அங்கே வருகின்றன. வருபவை ஆயிரம். வெளியே போகும் வாசலோ ஒன்று. ஆகவே வரிசை. வரிசை நிரம்பிவிட்டால் பின்னால் வரும் பொட்டலம் கீழே வீசப்படுகிறது. யார் முதலில் போவது? யார் பொறுத்திருப்பது? அதைத்தான் அந்தப் பெட்டி ஒவ்வொரு நொடியும் ஆயிரம் முறை தீர்மானிக்கிறது.

பின்வரிசையில் யாரோ பன்றி வறுவல் எப்போது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நம் விருந்தில் முதல் தட்டு யாருக்கு? பாதிரியாருக்கு. அடுத்தது மேயர் அம்மையாருக்கு. பிறகு விருந்தினருக்கு. மொறுமொறுத்த தோல் தீர்ந்த பிறகு உங்களுக்கும் எனக்கும். நம் வரிசையில் பெரியவர் முதலில். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வரிசையில் பெரியவர் என்று எவரும் இல்லை. காத்திருக்க முடியாதவரே முதலில்!

இந்த நீதியை அந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தவர் டெல்ஃபின் அண்ணன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலைக்காரர். அவர் வருவதற்கு முன்னால் என்ன நிலைமை? காத்திருப்போர் கூடத்தில் பத்துப் பேர் சேவல் சண்டை நேரலை பார்ப்பார்கள். மாடியில் டாக்டர் மெர்லிண்டா அக்கரையில் உள்ள அறுவை மருத்துவரோடு தொலைபேசியில் பேசுவார். சேவல் ஜெயிக்கும், டாக்டரின் குரல் தோற்கும். டெல்ஃபின் அண்ணன் வந்து வரிசைகளைப் பிரித்தார். குரலுக்கு முதல் வரிசை. ஏனென்றால் தாமதமாக வந்த குரல் வராத குரலுக்குச் சமம். நோயாளிகளின் பதிவேட்டுக்கு இரண்டாவது. படங்களுக்கும் நேரலைகளுக்கும் கடைசி வரிசை. அன்றிலிருந்து இந்த மருத்துவமனையின் தொலைபேசியில் ஒரு சொல்கூட உடையவில்லை.

அவ்வளவு நேர்த்தியான வரிசைதான் என் அம்மாவை ஏறக்குறைய மூழ்கடித்தது.

என் அம்மா ரோசெலை இங்கே தெரியாதவர் யார்? உங்கள் பிள்ளைகளின் சீருடையில் பாதி அவர் தைத்தது. பிறவியிலேயே காது கேளாதவர். நம் தீவில் அவருக்கென்று பள்ளி இல்லை, அதனால் எழுத்துத் தெரியாது. பதினெட்டு வயதில் பெருநகரத்துக்குத் தையல் வேலைக்குப் போன இடத்தில், தம்மைப் போன்ற தோழிகளிடம் கைகளால் பேசக் கற்றார். ஐந்து வயதிலிருந்து நான்தான் அவருக்கு வாய். சந்தையில் பேரம் பேசியதும் நான். கோவிலில் பிரசங்கத்தைச் சொன்னதும் நான். என் கணக்கு மதிப்பெண்ணுக்காக ஆசிரியர் என்னைத் திட்டியதை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். சர்க்கரை கொஞ்சம் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தேன். மன்னியுங்கள், ஐயா.

கடந்த பிப்ரவரியில் ஒரு மதியம், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் எந்திரத்தின் மேலேயே சாய்ந்தார். அப்பா மீன்பிடிக்கப் போயிருந்தார். அண்டைவீட்டார் தூக்கி வந்தார்கள். டாக்டர் கேட்டார், நான் கையால் சொன்னேன். அம்மா காட்டினார், நான் வாயால் சொன்னேன். பிறகு டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார். என்னை வெளியே போகச் சொன்னார்.

தாய்மார்களே, உங்களுக்குப் புரியும். மகள் காதில் விழக்கூடாத பதில் ஒன்று ஒரு தாயிடம் இருக்கலாம் அல்லவா?

டாக்டருக்கும் புரிந்தது. பெருநகரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் திரையில் வருவார் என்று பலகைக் கணினியை எடுத்துவரச் சொன்னார். வந்தார். மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மறுபடி அழைத்தார்கள், மறுபடி நின்றது. மணி இரண்டு இருபது. காற்று வலுத்துவிட்டதால் மூன்று மணிப் படகுதான் கடைசி என்று கடலோரக் காவலர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் தெரியாமல் என் அம்மாவைப் படகில் ஏற்றலாமா, இங்கேயே வைத்திருக்கலாமா என்று டாக்டரால் முடிவு செய்ய இயலவில்லை. மகளையே கூப்பிடலாம் என்று கதவைக் காட்டினார் செவிலியர். வலியில் துடித்த என் அம்மா தலையை மட்டும் ஆட்டினார். கூடாது.

கதவுக்கு வெளியே நின்றிருந்த நான் ஓடினேன். படிக்கட்டுக்குக் கீழே ஓடினேன். டெல்ஃபின் அண்ணன் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். படம் நின்றுபோகிறது என்றேன்.

“மத்தியானத்துல என்ன படம் பாப்பா? படமெல்லாம் கடைசி வரிசைதான். நான்தான் போட்டேன்.”

“அது படம் இல்லண்ணே. அதுதான் எங்கம்மா பேசுற பேச்சு.”

கடித்த ரொட்டியை அவர் மெல்லவில்லை. மாடிக்கு ஓடிவந்தார். கதவின் கண்ணாடி வழியே அந்தத் திரையை மட்டும் பார்த்தார். என் அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகத்தை நான் மறக்கவே மாட்டேன். மீண்டும் கீழே ஓடிவந்து கணினியின் முன் உட்கார்ந்தார். குரல் வரிசையில் இதைத் திணித்தால் படத்தின் பெருவெள்ளத்தில் குரலும் சேர்ந்து சாகும், தனி வரிசை போட வேண்டும், அதற்கு இடம் யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். யாரிடமிருந்து எடுப்பது? அந்த நேரத்தில் வாசலை அதிகம் அடைத்துக்கொண்டிருந்தது, மேயர் அம்மையார் அவர்களே, தங்கள் நேரலை உரை.

பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் நெனிதா அக்கா எச்சரித்தார்.

“டெல்ஃபினு, மேயரம்மா பேசிட்டிருக்காங்க. அடுத்த ஆறு மாசம் உனக்கு வேலை வேணுமா வேணாமா?”

“அவங்க பேச்சு நின்னா நாளைக்கும் பேசலாம்க்கா. மேல இருக்கிறவங்க கை நின்னா படகு போயிரும்.”

விசையைத் தட்டினார். அன்று தாங்கள் திரையில் வாய் திறந்தபடி உறைந்து நின்றதை ஊரே பார்த்தது. யார் செய்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. “ஒரு நோயாளிக்காக நானே செய்தேன்” என்று ஒரே வரியில் பதில் எழுதினார் அவர். எந்த நோயாளி, எதற்காக என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், என் அம்மாவின் அந்தரங்கம் அலுவலகம் அலுவலகமாகப் போயிருக்கும். இன்று இதை இங்கே சொல்லச் சொன்னவர் என் அம்மாவேதான். அம்மையார் சிரிக்கிறார்கள்! அப்பாடா. பயந்துகொண்டே வந்தேன்.

திரையில் கை அசைந்தது. செவிலியர் திரைச்சீலையை இழுத்து மூடினார். பதினோரு நிமிடம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, படகைப் பிடித்துவைக்கச் சொன்னார், தாமும் கூடவே ஏறினார். அன்று மாலை அக்கரையில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா பிழைத்தார். அதோ, மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா ஊர் திரும்பிய மறுநாள் டெல்ஃபின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாராட்டு வாங்க வந்தார் என்றா நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்க வந்தார். கையை மடக்கி மார்பின் மேல் சுழற்றி, யாரிடமோ அரைகுறையாகக் கற்றுக்கொண்ட சைகையில், தாம் போட்ட வரிசைதான் தவறு என்றார். குரல் என்றால் காதுக்கு வருவது மட்டுமே என்று எண்ணிவிட்டாராம். இப்போது அந்தப் பெட்டியில் நான்கு வரிசைகள். நான்காவதற்கு அவர் வைத்த பெயர் ‘கை’.

திறமைசாலியைப் பாராட்டலாம். தவறே செய்யாதவரைப் பாராட்டலாம். ஆனால் தாம் கட்டிய அழகான ஒழுங்கு ஓர் ஏழைப் பெண்ணின் வாயை அடைக்கிறது என்று கண்டதும், அந்த ஒழுங்கை அந்த நிமிடமே அவிழ்த்து மறுபடி கட்டிய மனிதரை எப்படிப் பாராட்டுவது? சொல் போதவில்லை எனக்கு. அவரது ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதை மட்டும் தலைமையின் மேசைமேல் தாழ்மையோடு வைக்கிறேன்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் அம்மா என்ன சொன்னார் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. பத்து ஆண்டுகளாக அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வழியாகவே வெளியே போயிற்று. அன்று முதல்முறையாக, என் வழியாக அல்லாமல், தமக்கு வேண்டியதைத் தாமே சொல்லி, என் அம்மா தம் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த அவைக்கு என் நன்றி. விடைபெறும் வணக்கத்தை நான் வாயால் சொல்லப்போவதில்லை. மூன்றாம் வரிசைக்கும் புரியும்படி, இதோ, இரண்டு கைகளாலும் சொல்கிறேன்.