வைகாசியில் இறங்காத பாக்கி

குப்பனூர் வழியாக வந்தது நல்லதுதான் மேடம். சுற்று என்றாலும் அந்தப் பக்கம் வளைவு குறைவு, வயிற்றைப் புரட்டாது. உட்காருங்கள். அப்பா தோட்டத்தில் இருக்கிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது, அதனால் அவர் வருவதற்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் தேடி வந்திருக்கிறீர்கள். பொன்னருவி காபிக் கம்பெனி மலைக்காரர்களுக்குப் பணம் தராமல் மூடிவிட்டது. மேனேஜர் தனபாலைப் பிடித்துவிட்டீர்கள். அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த சென்னை முதலீட்டு நிறுவனத்தில் கவிப்பிரியா என்று ஒருத்தி கணக்குப் பார்த்தாள், அவளுக்குச் சொந்த ஊர் தலைச்சோலை, ஏதாவது தெரிந்திருக்கும். உங்கள் கோப்பில் இவ்வளவுதானே இருக்கிறது? சரிதான். ஆனால் பாதி.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி சரக்கை வாங்கிவிட்டு இன்னும் காசு கொடுக்காமல் வைத்திருக்கும் தொகை இருக்கிறதே, அதை ஆபீசில் பேயபிள் என்போம். இங்கே பாக்கி என்றே சொல்கிறேன். முதலீடு செய்கிறவர்கள் லாபத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். லாபத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக் காட்டலாம். பாக்கி எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று காலாண்டுக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கம்பெனியின் மூச்சு தெரிந்துவிடும். வாங்கும் சரக்கோடு சேர்ந்து பாக்கியும் ஏறினால் பயமில்லை. சரக்கு குறைந்து பாக்கி மட்டும் ஏறினால், சரக்குக் கொடுத்தவர்கள் வயிற்றில் அடித்து வண்டி ஓடுகிறது என்று அர்த்தம்.

பொன்னருவியின் பாக்கி வருடா வருடம் தை, மாசியில் மளமளவென்று ஏறும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பயந்து பங்கை விற்றார்கள். என் மேலாளர் பாலகுமாரும் விற்கத்தான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்கள் காபிக் கொட்டையைக் கம்பெனியில் போட்ட கையோடு பணம் வாங்குவதில்லை மேடம். வீட்டில் இருந்தால் செலவாகிவிடும் என்று கம்பெனியிலேயே விட்டுவைப்பார்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே கூடும். அப்போது குடும்பத்தோடு ஏற்காடு ஆபீசுக்குப் போய் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். துணிமணி, பிள்ளைகளின் படிப்பு, கூரை வேலை எல்லாம் அந்தப் பணத்தில்தான். அதனால் ஜூன் மாதக் கணக்கில் பாக்கி தரைக்கு வந்துவிடும். இது பயப்பட வேண்டிய பாக்கி இல்லை, பழக்கத்தால் ஏறுகிற பாக்கி என்று விளக்கினேன்.

பாலகுமார் சிரித்தார். "அப்போ உங்க ஊர்க்காரங்க வட்டியே இல்லாம கடன் குடுக்கறாங்கன்னு சொல்லு. நல்ல ஜனங்கம்மா."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அறிக்கையில் எங்கள் மக்களின் நம்பிக்கையை 'செலவில்லாத மூலதனம்' என்று எழுதியது அவரில்லை, நான்தான். நிறுவனம் மேலும் பங்கு வாங்கியது, விலை ஏறியது, என் சம்பளமும் ஏறியது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு வருடம், காபியைப் பூக்க வைக்கும் பூ மழை தவறியது. விளைச்சல் பாதிதான். வாங்கிய சரக்கு பாதி என்றால் பாக்கியும் பாதியாக இருக்க வேண்டும். மார்ச் கணக்கில் அது முந்தைய வருடத்தைவிட அதிகமாக இருந்தது. திருவிழா வரட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். திருவிழா முடிந்த அடுத்த நாள் அப்பா போன் செய்தார்.

"சாமி, இந்தத் தடவ காசு குடுக்கல. ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொல்றாரு தனபாலு. நமக்கென்ன, கம்பெனிலதான கெடக்குது."

போனை வைத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வைகாசியில் இறங்காத பாக்கி இனி இறங்கவே போவதில்லை. ஜூன் கணக்கு வெளியாகிற வரைக்கும் வெளியில் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. பாலகுமாரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சின்னக் கம்பெனிப் பங்கு, மொத்தமாக விற்றால் விலை விழுந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்க முடியும், ஆடி முடிந்துவிடும் என்றார். "அதுவரைக்கும் மலையில சத்தம் கிளம்பாம இருக்கணும்" என்றார். போய் அடக்கிவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். லீவு கேட்டது நான்.

நான் வந்து இறங்கியபோது, கம்பெனி காபிக் கொட்டை எடுக்கும் டெப்போ வாசலில் கூட்டம். நடுவில் சின்னத்தம்பி சித்தப்பா, கையில் ஒரு பெரிய பூட்டு. அந்த வருடத்துக் காபி முழுக்க மாரமங்கலத்துக் குடோனில்தான் இருந்தது. பணம் வருகிறவரை குடோனைப் பூட்டி வாசலில் உட்கார்ந்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். அன்றைக்குப் பூட்டியிருந்தால் எல்லோருக்கும் பாதியாவது தேறியிருக்கும்.

"மெட்ராஸ் ஆபீசரம்மா வந்துட்டாங்க, வழி உடுங்கப்பா" என்று சித்தப்பா கிண்டலடித்தார். "ஏங்கண்ணு, கணக்குப் படிச்ச புள்ள நீ. பூட்டலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

"பூட்டுனா கம்பெனி பேரு கெட்டுரும் சித்தப்பா. பேரு கெட்டா பேங்குக்காரன் பணம் குடுக்கமாட்டான். அப்புறம் உங்களுக்கு எங்கிருந்து வரும்?"

"அப்ப சும்மா உக்காந்திருக்கோணுமா?"

"ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொல்லிருக்காங்க. எங்கப்பா பணமும் அங்கதான் கெடக்குது. அத எடுக்கச் சொன்னனா நானு?"

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் லூர்துராஜ் பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் புள்ள சொல்றது நாயந்தானுங்க. பெத்த அப்பன ஏமாத்துமா?"

பூட்டு ஒரு மஞ்சப்பைக்குள் போனது. அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நாலு பேர் முன்னால் பேசுகிறாள் என்ற பெருமை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பங்கு வைத்திருக்கும் ஆபீஸ்காரி கேட்டால் தனபால் அப்பா பணத்தை மட்டும் கொடுத்திருப்பார், அதை ஏன் எடுத்துவைக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுத்திருந்தால் அன்று சாயங்காலமே மலைக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு காரணம். நானும்தானே இழக்கிறேன், அப்புறம் நான் எப்படித் திருடி ஆவேன் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அப்பாவின் ஒரு வருட உழைப்பைக் கொடுத்து அந்த நினைப்பை வாங்கினேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தாயி அத்தை வந்தார். அவருடைய வீட்டுக்காரர் முருகன் மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு. சேலத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், முன்பணம் கட்ட வேண்டும்.

"ஏங்கண்ணு, மிளகு ஊட்டுல கெடக்குது. வெளி யாவாரிகிட்டப் போட்டா உடனே காசு குடுத்துருவான். போட்டுரட்டா?"

போடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் வெளியே போட்டால் அடுத்தவரும் போடுவார். கம்பெனிக்குச் சரக்கு வரவில்லை என்ற பேச்சு கீழே சேலத்துக்குப் போய்விடும். பங்கு அப்போது பாதிகூட விற்றிருக்கவில்லை.

"வெளிய போட்டா கம்பெனியோட ஒறவு உட்டுப்போயிரும் அத்த. தேதியக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. மிளகையும் இங்கயே போட்டுருங்க. எல்லாத்தையும் ஒண்ணா வாங்கிக்கலாம்."

"மாமனுக்கு நொம்ப மூச்சு வாங்குது சாமி. இருந்தாலும் நீ சொன்னா சரி."

ஏன் என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு நாக்கு குழறியிருக்கும். கேட்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. மிளகு மூட்டையை அவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. டெப்போ வரைக்கும் ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

ஆடிக்குள் எங்கள் நிறுவனம் பங்கு முழுவதையும் விற்றுவிட்டது. அதே நாட்களில் தனபால் குடோன் சரக்கை லாரி லாரியாகக் கீழே இறக்கினார். சரக்கு விற்றால்தானே காசு வரும் என்று எங்கள் ஆட்களே மூட்டை ஏற்றிவிட்டார்கள். சின்னத்தம்பி சித்தப்பாவும் ஏற்றினார். முருகன் மாமா ஆவணிக்கு இருக்கவில்லை. ஒருநாள் வேலைக்கு நடுவே மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆவணி பிறந்தபோது ஏற்காடு ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

சரியான நேரத்தில் வெளியேற வைத்ததற்காக எனக்குப் போனஸ் வந்தது. அதை அத்தாயி அத்தையிடம் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்.

தனபால் பணத்தை எடுத்தார், அதை அவரிடம் கேளுங்கள். நான் உண்மையைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கம்பெனி விழுந்துதான் இருக்கும், அதுவும் உண்மை. ஆனால் பூட்டைப் பைக்குள் போக வைத்தது நான். மாமாவின் ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொன்னது நான். பணம் வராது என்று தெரிந்தே சொன்னேன். கோபத்தில் செய்ததில்லை, யாரும் மிரட்டிச் செய்ததில்லை. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்கு வந்த அன்று அத்தாயி அத்தை பார்க்க வந்தார். வெறும் நெற்றி. என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உங்க பணமும் போச்சாமே கண்ணு. படிச்சவ, உன்னையவே ஏமாத்திப்போட்டானுக, நாங்கெல்லாம் எம்மாத்திரம். மனச உட்டுறாத."

எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டார். இல்லை அத்தை என்று சொல்ல நிறைய நேரம் இருந்தது. நான் அவர் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை மேடம், அந்த நேரத்தில் என்னையும் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரியேதான் இருந்தது.