ஊட்டியும் மலைதானே

அம்மா செத்து வருஷம் திரும்பாததால் நான் திருத்தணி மலை ஏறவில்லை. சொந்தக்காரர்கள் மேலே போனார்கள், நான் அடிவாரத்தில் அவர்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பொதட்டூர்பேட்டை தறிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் ஏறவில்லை.

"ஊட்டியும் மலதான பாவா? சாவு விழுந்த வூடு, வருசம் திரும்பாம எப்டி ஏறுறது?" என்றாள் அவள் கணவரிடம்.

"அது சாமி மலையா? குளுரு மலதாண்டி. மெட்ராஸ்ல அந்த டூர் கம்பெனிக்காரங்க ஓட்டலுக்குக் கூப்ட்டு சோறு போட்டு சொன்னாங்க. ஒருவாட்டி பணம் கட்டிட்டா வருசா வருசம் பாயிண்டு குடுப்பாங்க. அத வச்சிகினு ஊட்டின்னு இல்ல, எந்த ஊர்ல வோணும்னாலும் ரூமு எடுத்துத் தங்கலாம்."

"ஓசி சோத்தத் துன்னுட்டு வந்து தறிய விக்கச் சொல்றியா?"

"இந்த வருசம் போவலன்னா பாயிண்டு அடுத்த வருசத்துல சேந்துக்கும். நமக்கு அப்பால புள்ளைக்கு வரும்னாங்க."

அவள் அவரையே பார்த்தாள்.

"நம்ம புள்ள உசுரோட கீறான்னா சொன்ன?"

"ஆங். வூட்ல எத்தினி பேருன்னு கேட்டாங்க. மூணு பேருன்னு வாயில வந்துடுச்சி. என்னா படிக்கிறான்னாங்க. மூணாவதுன்னேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வோணாம்னு போன் போட்டுடு பாவா. எதுர்லயே பூத்து இருக்குது."

அவர் எழுந்து பூத் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஏன் வோணாம்னு கேப்பாங்க வசந்தா. நீ வந்து சொல்லு. என் வாயால ஆவாது."

அவள் எழுந்திருக்கவில்லை.